எந்த நாய் நம் வீட்டுக்கு ஏற்றது?

ஜொகூர் பாரு மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்தில், தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்கள் வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. பிள்ளைகள் கேட்கிறார்களே என்று அங்கே போகும் பெற்றோரின் கண் முதலில் விழுவது குட்டிகள் மேல்தான். சற்று நிதானியுங்கள். தாயும் தகப்பனும் விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போய்விட்டால், குட்டிக்கு மூன்று நான்கு வேளை தீனி வைப்பது யார்? தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ என்னும் கழிச்சல் நோய் சில நாளிலேயே கொண்டுபோய்விடும். அது வளர்ந்து என்ன குணம் காட்டும் என்பதும் தெரியாது.

இரண்டு வயது கடந்த நாயின் குணத்தை ஓரளவு இப்போதே பார்த்துவிடலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நாயைக் கூண்டுக்கு வெளியே நடத்திப் பாருங்கள். பிள்ளை அருகில் நின்றால் உடம்பைத் தளர்த்தி வருகிறதா, விறைக்கிறதா? வாலாட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். கோபத்திலும் வால் ஆடும். சோற்றருகே ஆள் போனால் உறுமுமா, கோழியைத் துரத்துமா, ஓயாமல் குரைக்குமா என்று காப்பகத்தாரைக் கேளுங்கள். லயத்து வீட்டில் நடுவே ஒரே சுவர் அல்லவா!

கருத்தடை, தடுப்பூசி விவரங்களையும் கேட்டு வாங்குங்கள். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடியால் பலர் இறந்திருக்கிறார்கள். உள்ளூர் மன்றத்தில் உரிமமும் எடுக்க வேண்டும்.

வந்த புதிதில் சோறு தொடாமல் மூலையில் பதுங்கினால், திருப்பிக் கொண்டுபோக அவசரப்படாதீர்கள். தண்ணீரை அருகில் வைத்துவிட்டு விலகியிருங்கள்.