பீஃப் வாங்குறீங்களா? மாட்டின் வயதைச் சட்டம் கேட்கும், ஊசி போட்ட தேதியை யார் கேட்பது?

கோலார் தங்க வயலில் இருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் பலரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறிதான். இப்போது அது பெரும்பாலும் எருமைக்கறி. காரணம், 2021 ஜனவரியில் கர்நாடகத்தில் அமலுக்கு வந்த பசுவதைத் தடுப்புச் சட்டம். பசு, கன்று, காளை, எருது எதையும், சில விதிவிலக்குகள் தவிர, அறுக்கக் கூடாது. எருமை என்றால் 13 வயது தாண்டியிருக்க வேண்டும்.

வயதுக்குச் சட்டம் இருக்கு. சரி, அந்தக் கறி பாதுகாப்பானதா என்று யார் பார்க்கிறார்கள்?

அந்த எருமை எங்கிருந்து வருது?

நம்மூரில் கறிக்கென்றே மாடு வளர்க்கும் பண்ணைகள் அரிது. பால் வற்றிய எருமையைத்தான் விவசாயி விற்கிறார். மடிநோய், காய்ச்சல் என்று அதற்குப் பலமுறை ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருப்பார்கள். குணமாகாத மாட்டை, செலவு கட்டுப்படியாகாமல், ஊசி போட்ட சில நாளிலேயே விற்றுவிடவும் வாய்ப்பு உண்டு.

விற்றால் என்ன?

மருந்து உடலிலிருந்து வெளியேற நாளாகும். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை மருந்து லேபிளில் அச்சிட வேண்டும் என்கிறது 2012-இல் வந்த மத்திய அரசு விதி. அந்த மருந்துக்கெனத் தனியாகக் கணக்கிடப்படவில்லை என்றால், பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள்.

அதற்கு முன்பே அறுத்தால் மருந்தின் எச்சம் கறியில் தங்கலாம். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். மருந்து எச்சம் முழுசா போகும் என்று சொல்ல முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் இது ஒரு காரணம்.

இறைச்சிக் கூடத்தில் டாக்டர் பார்ப்பதில்லையா?

உரிமம் பெற்ற கூடத்தில் அறுப்பதற்கு முன்பும் பின்பும் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். காசநோய்க் கட்டி, நாடாப்புழுக் கூடு போன்றவை கண்ணில் படும். மருந்து எச்சம் படாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். அதனால்தான் பண்ணையிலேயே எழுதி வைக்கும் பதிவு முக்கியம்.

மற்ற நாடுகளில்?

கனடாவில் 'வெரிஃபைட் பீஃப் புரொடக்‌ஷன் பிளஸ்' என்று ஒரு திட்டம். எந்த மாட்டுக்கு, எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில், எப்போது விற்கலாம் என்று பண்ணையாளர் குறித்து வைக்கிறார். தணிக்கையாளர் வந்து சரிபார்க்கிறார். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே தொடங்கலாம்.

நம்மிடம் என்ன இருக்கு?

பாதி வேலை முடிந்திருக்கு. மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணுடன் மஞ்சள் டேக் மாட்டப்படுகிறது. 'பாரத் பசுதன்' தளத்தில் அந்த எண்ணில் தடுப்பூசி, சிகிச்சை விவரங்களைப் பதியலாம். ஆனால் ஊசி போட்ட தேதியை எழுதி வைக்கும் பழக்கம் பண்ணையில் வந்தால்தான், அந்த எண் கறிக்கடை வரை பயன்படும்.

நாம் என்ன செய்யலாம்?

கடையில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கா, கறி எந்தக் கூடத்திலிருந்து வருது என்று கேளுங்கள். ஊரில் மாடு வளர்க்கும் சொந்தக்காரர் இருந்தால், ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து, 28 நாள் எண்ணிவிட்டு விற்கச் சொல்லுங்கள். அவருக்கு இதில் செலவு இல்லாமல் இல்லை. அந்த 28 நாளும் தீவனம் போட வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று பேசாமல் இந்தப் பழக்கம் வேரூன்றாது.