மோட்டார் ஓடும் நேரத்தை வானிலை சொல்லட்டும்

சொட்டுநீர்க் குழாய் பதித்துவிட்டால் தண்ணீர் தானாக மிச்சமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியத்தில் அதைத் தருகிறது. குழாய் தண்ணீரை வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்லாது. மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டு, போனதும் நிறுத்துகிற வழக்கம் தொடரும்வரை, முளைவிட்ட பயிருக்கும் பூத்து நிற்கிற பயிருக்கும் ஒரே அளவுதான் பாயும். அளவைச் சொல்லும் கணக்கு இருக்கிறது. அதைக் கொடுக்காமல் குழாயை மட்டும் கொடுப்பது பாதி வேலைதான்.

பயிர் உறிஞ்சும் தண்ணீரில் மிகச் சிறு பங்குதான் அதன் உடலில் தங்குகிறது. மற்றதெல்லாம் இலைத் துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. மண்ணின் மேற்பரப்பும் தன் பங்குக்கு ஈரத்தை இழக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே ஆவியுயிர்ப்பு. வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் ஆகிய நான்கையும் கொண்டு இதைக் கணக்கிடலாம். இதற்கான அடிப்படைச் சமன்பாட்டை 1948-ல் ஹோவர்ட் பென்மன் வகுத்தார், 1998-ல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு அதைச் செம்மைப்படுத்திப் பொது முறையாக வெளியிட்டது. 12 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஈரக்குறைவில்லாத புல்தரை ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரை இழக்கும் என்பதே அதன் அடிப்படை அளவு. அதைப் பயிருக்கும் பருவத்துக்கும் உரிய ஓர் எண்ணால் பெருக்கினால் அன்றைய தேவை கிடைத்துவிடும்.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கான எண் இளம்பருவத்தில் சுமார் 0.3, பூக்கும் பருவத்தில் 1.2. புல்தரை அளவு 5 மில்லிமீட்டராக உள்ள நாளில் இளம்பயிருக்கு 1.5 மில்லிமீட்டர் போதும். பூத்த பயிருக்கு 6 வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 4,000 லிட்டர். அதாவது 6,000 லிட்டர் எங்கே, 24,000 லிட்டர் எங்கே! ஒன்றரை மீட்டருக்கு ஒரு பக்கக் குழாய், அதில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர் என்று அமைந்த வயலில், வழியில் பத்து சதவீதம் வீணாகும் என்று சேர்த்தாலும், இளம்பயிருக்கு 23 நிமிடம், பூத்த பயிருக்கு ஒன்றரை மணி நேரம். மழை பெய்தால் மண்ணில் தங்கிய அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

தலைமுறை அனுபவம் இருக்கும்போது கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அனுபவம் மண்ணையும் பயிரையும் அறியும். ஆனால் இலை வாடுவது கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் விளைச்சலில் ஒரு பகுதி போயிருக்கும். தண்ணீர் அதிகமாவதோ கண்ணுக்கே தெரியாது. பயிர் பச்சையாக நிற்க, தழைச்சத்து மட்டும் வேருக்குக் கீழே கரைந்து இறங்கிக்கொண்டிருக்கும். தொலைவிலுள்ள வானிலை நிலையத்தின் அளவு நம் வயலுக்குச் சரியாகப் பொருந்துமா என்பதும் நியாயமான கேள்வி. பொருந்தாமல் போகலாம். அதனால்தான் வாரம் ஒருமுறை வேர் நிற்கும் ஆழம்வரை தோண்டி, மண்ணைப் பிடித்துப் பார்த்து அளவைத் திருத்த வேண்டும். தோராயமான கணக்கையும் இப்படித் திருத்தலாம். கணக்கே இல்லாதபோது திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

கூடுதலாகப் பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்கிக் கிணற்றுக்குத்தானே திரும்புகிறது என்பது இன்னும் கனமான வாதம். அதில் ஒரு பகுதி திரும்புகிறது என்பது உண்மை. ஆனால் திரும்பியதை மறுபடி இறைக்க மின்சாரம் வேண்டும்; அது வரும்போது உரத்தின் நைட்ரேட்டையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஆவியாகிப் போனது மட்டும் கிணற்றுக்குத் திரும்பாது. ஆகவே மிச்சம் பிடித்த தண்ணீரைக் கொண்டு இன்னொரு ஏக்கர் கரும்பு வைத்தால் நிலத்தடி நீர் மேலும் இறங்கும். இந்தக் கசப்பான உண்மையை நமக்குக் காட்டுவதும் ஆவியுயிர்ப்புக் கணக்குதான். எத்தனை ஏக்கரில் என்ன பயிர் வைக்கலாம் என்ற முடிவும் அதன் வழியே வர வேண்டும்.

கலிபோர்னியாவில் 1982 முதல் அரசே வானிலை நிலையங்களை அமைத்து இந்த அளவை விவசாயிகளுக்குத் தந்துவருகிறது. இங்கும் அந்த எண்ணை வட்டாரவாரியாக, பயிர்வாரியாக, மோட்டார் ஓட வேண்டிய நிமிடமாகவே மாற்றித் தினமும் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும். குழாய்க்கு மானியம் கொடுக்கும் அரசு, அந்தக் குழாய் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.