வீட்டில் செய்யும் மின் கிட்டாரில் குமிழ்களும் சுவிட்சுகளும்

மின் கிட்டாரின் ஒலியளவுக் குமிழ், தொனிக் குமிழ், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சு, ஒலிபெருக்கியின் கேபிளைச் செருகும் ஜாக் ஆகியவை அதன் கட்டுப்பாட்டு உறுப்புகள் ஆகும். தந்திகளின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் காந்தச் சுருளே பிக்கப். அந்தக் குறிகை இவ்வுறுப்புகளின் வழியாகவே ஒலிபெருக்கியை அடைகிறது. தவறாகப் பற்றவைத்த கம்பியைக் கழற்றி மாற்றலாம். மரத்தில் தவறாக இட்ட துளையை மாற்ற இயலாது. ஆகவே, உறுப்புகளை முதலில் வாங்கி, அளந்து பார்த்த பின்னரே துளையிட வேண்டும்.

மாறுமின்தடையைத் தேர்ந்தெடுத்தல்

குமிழின் அடியில் இருப்பது மாறுமின்தடை. கிட்டார் செய்வோர் இதைச் சுருக்கமாக ‘பாட்’ என்பர். இதன் மதிப்பு குறைந்தால், உயர் அதிர்வெண் ஒலிகள் கூடுதலாக இழக்கப்படும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ஒலி இயல்பாகவே கூர்மையானது. அதற்கு 250 கிலோ ஓம் பொருந்தும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வழக்கம். தொனிக் குமிழுடன் இணையும் மின்தேக்கி, முன்னதற்கு 0.047 மைக்ரோ ஃபாரட், பின்னதற்கு 0.022 மைக்ரோ ஃபாரட் எனப் பெரும்பாலும் அமையும்.

மாறுமின்தடையில் நேரியல், மடக்கை என இரு வகைகள் உண்டு. மனிதச் செவி ஒலியளவை ஏறத்தாழ மடக்கை முறையில் உணர்வதால், ஒலியளவுக் குமிழுக்கு மடக்கை வகையையே பலரும் விரும்புவர். குமிழைப் பாதி திருப்பி மல்டிமீட்டரில் அளந்தால் வகை தெரிந்துவிடும். நேரியலில் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். மடக்கையில் ஒரு பக்கம் மிகக் குறைவாக இருக்கும்.

தண்டையும் பார்க்க வேண்டும். பிளவுபட்ட, பல்வரி கொண்ட தண்டுக்கு அழுத்திப் பொருத்தும் குமிழ். வழுவழுப்பான தண்டுக்குப் பக்கத் திருகு கொண்ட குமிழ்.

இடம் குறித்தல்

கிட்டாரின் உருவத்தை அட்டையில் வெட்டி, குமிழ்களின் இடங்களைக் குறித்து, வாசிப்பதுபோல் கையை அசைத்துப் பார்ப்பது நல்லது. சுண்டுவிரலுக்கு எட்ட வேண்டும். மீட்டும் கை தட்டிவிடவும் கூடாது. மாறுமின்தடையின் உடற்பகுதி குமிழைவிட அகலமாக இருக்கலாம் என்பதால், உட்குழியில் அவை ஒன்றோடொன்று இடிக்காமல் இடைவெளி விட வேண்டும்.

துளையிட்டுப் பொருத்துதல்

பெரிய வகை மாறுமின்தடைக்கு ஏறத்தாழ 9.5 மி.மீ. துளை தேவை, சிறிய வகைக்கு 7 முதல் 8 மி.மீ. போதும். மரத்தின் கனமும் முக்கியம். மரை 9.5 மி.மீ. நீளம் எனில், வாஷர்களுக்கும் நட்டுக்கும் 4 மி.மீ. விட்டு, மரம் 5 மி.மீ. அளவே இருக்கலாம். கனம் கூடினால் பின்புறக் குழியை ஆழமாக்கலாம். அல்லது நீண்ட மரை கொண்டதை வாங்கலாம்.

குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பின்புறம் கழிவுக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து, சிறிய பிட்டால் தொடங்க வேண்டும். முட்டு இல்லாவிடில் பிட் வெளிவரும் பக்கம் மரம் சிலும்பும். பல் வாஷர் உள்ளேயும், தட்டை வாஷரும் நட்டும் வெளியேயும் வரும். குறடு வழுக்கினால் வண்ணப்பூச்சில் கீறல் விழும். எனவே அளவான ஸ்பேனரே ஏற்றது. எல்லாவற்றையும் வண்ணம் பூசுமுன் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட வேண்டும்.

உட்குழியில் செம்புத் தகட்டுத்தாள் ஒட்டி எர்த்துடன் இணைத்தால் இரைச்சல் குறையும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்தும் ஓர் எர்த் கம்பி வர வேண்டும்.

ரெட் ஸ்பெஷல்

குயீன் இசைக்குழுவின் பிரையன் மே, இங்கிலாந்தில் தம் தந்தையுடன் 1963-இல் செய்யத் தொடங்கிய கிட்டார் ‘ரெட் ஸ்பெஷல்’. 1954-இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளுக்கு ஒரே மூன்றுநிலைச் சுவிட்சு இருந்தது. மே தம் மூன்று பிக்கப்புகள் ஒவ்வொன்றுக்கும் இரு நகர்வுச் சுவிட்சுகள் வைத்தார்: ஒன்று இயக்கி நிறுத்த, மற்றொன்று மின்கட்டத்தைத் தலைகீழாக்க. தனித்தனியே 3, இரண்டிரண்டாக 6, மூன்றும் சேர்ந்து 4 என 13 இணைப்புகள் கிடைக்கின்றன. குமிழ்களோ இரண்டு மட்டுமே: ஒலியளவுக்கு ஒன்று, தொனிக்கு ஒன்று.