டோல்கேட்டில் நிக்குது உங்க வெப்சைட்!

சிம்போசியத்துக்கு வெப்சைட் ரெடி. காலேஜ் லேப்ல சும்மா பறக்குது. ஆனா, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல நின்னு செல்போன்ல திறந்தா... வெறும் வெள்ளைத் திரை! பெயர் கொடுக்க வந்தவர் பொறுமை இழந்து கிளம்பிடுவார். பல நேரங்களில் குற்றவாளி யார் தெரியுமா? நீங்க ஸ்கிரிப்ட்டை வெச்ச இடம்!

கப்பலூர் டோல்கேட்டில் ஒரு லாரி மடக்கி நின்னா, பின்னால வர்ற அத்தனை வண்டியும் நிக்குமே... அதே கதைதான். பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிச்சுக்கிட்டே வரும். வழியில ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் குறுக்கிட்டா, அதை இறக்கி, இயக்கி முடிக்கிற வரை அடுத்த வரிக்கு நகராது. ஏன்னா, பாதியிலேயே பக்கத்தை மாத்தி எழுதுற உரிமை ஸ்கிரிப்ட்டுக்கு உண்டு. லேப்ல நெட் வேகம் அதிகம். அதனால இந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது.

யாஹூவில் இருந்த ஸ்டீவ் சவுடர்ஸ், 2007-ல் வந்த 'ஹை பெர்ஃபார்மன்ஸ் வெப் சைட்ஸ்' புத்தகத்தில் சொன்ன வைத்தியம் ரொம்ப சிம்பிள்: 'ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தின் அடியில் போடுங்க!' இன்னிக்கு அதைவிட வசதியா ரெண்டு வார்த்தைகள் இருக்கு.

டிஃபர்: ஃபைல் ஒரு பக்கம் இறங்கிக்கிட்டே இருக்கும், பிரவுசர் படிக்கிறதை நிறுத்தாது. முழுசாப் படிச்சு முடிச்ச பிறகு, நீங்க எழுதின வரிசையிலேயே ஸ்கிரிப்ட்கள் இயங்கும்.

ஏசிங்க்: இதுவும் பின்னணியில்தான் இறங்கும். ஆனா, எது முதல்ல வந்துச்சோ அது உடனே இயங்கும். வரிசைக்கு கேரண்டி இல்லை!

இங்கேதான் பலர் சறுக்குவாங்க. ஜேக்வெரியையும் அதை நம்பி இருக்கிற ஸ்லைடரையும் ஏசிங்க்கில் போட்டா, ஸ்லைடர் முந்திக்கிட்டு வந்து முழிக்கும். ஒண்ணை ஒண்ணு நம்பி இருக்கிறதுக்கு டிஃபர். தனியா நிக்கிற விசிட்டர் கவுன்ட்டர் மாதிரி சமாசாரத்துக்கு ஏசிங்க். ரெண்டுமே தனி ஃபைலா இருக்கிற ஸ்கிரிப்ட்டுக்குத்தான். பக்கத்துக்குள்ளேயே எழுதின சாதாரண ஸ்கிரிப்ட்டுக்கு இந்த பாச்சா பலிக்காது.

சரி, டெஸ்ட் பண்றது எப்படி? 2008-ல் வந்த குரோம் பிரவுசர் உருவானதில் முக்கியப் பங்கு மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சைக்கு உண்டு. நம்ம ஊர்க்காரர் கொடுத்த அதே குரோமில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி-க்குக் குறைச்சுட்டு, பக்கத்தைத் திறந்து பாருங்க. எந்த ஃபைல் வழிமறிக்குதுனு புட்டுப்புட்டு வெச்சிடும். வேண்டாத ஸ்கிரிப்ட்டை டிஃபர் பண்ணாதீங்க, தூக்கியே போட்டுடுங்க!

நாளைக்கு நீங்க எழுதப்போறது ஒரு ரிசல்ட் பக்கமாகவோ, கடைசித் தேதி நெருங்குற விண்ணப்பமாகவோ இருக்கலாம். அதை ஒத்தைப் புள்ளி சிக்னலில் திறக்கிற ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு, அந்த சில விநாடிகள் ரொம்பப் பெருசு பாஸ்!