குளிர்கால மிதிவண்டி டயர்

குளிர்கால மிதிவண்டி டயர் என்பது வெண்பனியும் பனிக்கட்டியும் படிந்த சாலைகளில் ஓட்டுவதற்காக உருவாக்கப்பட்ட டயர் ஆகும். பின்லாந்து, சுவீடன், கனடா முதலிய நாடுகளில் இது பயன்படுகிறது. ஆர்க்டிக் வட்டத்திற்கு ஏறத்தாழ 170 கி.மீ. தெற்கே உள்ள பின்லாந்தின் ஊலு நகரில் பள்ளி மாணவர்களும் பனிக்காலத்தில் மிதிவண்டியில் செல்கின்றனர். முதலாவது குளிர்கால மிதிவண்டி மாநாடு 2013 ஆம் ஆண்டு அங்குதான் நடைபெற்றது.

அமைப்பு

கடுங்குளிரில் சாதாரண ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். எனவே இவ்வகை டயர்களுக்குக் குளிரிலும் மென்மையாக இருக்கும் ரப்பர் கலவை பயன்படுத்தப்படுகிறது. பலவற்றில் சிறு ஆணிகளும் பதிக்கப்பட்டிருக்கும். எஃகு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. ஆணி பனிக்கட்டிக்கு உரியது. உதிரியான வெண்பனியில் அதனால் பெரிய பயன் இல்லை. அங்கு ஆழமான பள்ளங்களைக் கொண்ட அகலமான டயரே உதவும். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கிடக்கும் நாட்களில்தான் ஆணியின் அருமை தெரியும்.

அளவு

வாங்குவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அங்குலக் கணக்கை நம்பக்கூடாது. '28 அங்குலம்' என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உள்ளன. ஒன்றின் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ.; மற்றொன்றில் 635 மி.மீ. தமிழ்நாட்டில் பால்காரர்கள் கேன்களைத் தொங்கவிட்டு ஓட்டிய பெரிய கறுப்பு வண்டியின் 28 × 1½ டயர் இரண்டாம் வகை. இதை 622 ரிம்மில் மாட்டினால் தளர்ந்து கழன்றுவிடும். '26 அங்குலம்' என்பதிலும் 559, 590 எனப் பல அளவுகள் உண்டு.

இக்குழப்பத்தைத் தவிர்ப்பது ஐ.எஸ்.ஓ. 5775 தர முறை. பழைய டயரின் பக்கச்சுவரில் 37-622 என்று இருந்தால், 37 என்பது மில்லிமீட்டரில் அகலம். 622 என்பது விட்டம். புதிய டயரில் இரண்டாவது எண் மாறவே கூடாது. முதல் எண் ஓரளவு மாறலாம்.

இடைவெளி

எவ்வளவு மாறலாம் என்பதை வண்டிதான் முடிவு செய்கிறது. ஃபோர்க், பின்சட்டம், மட்கார்டு, பிரேக் ஆகியவற்றுக்கும் டயருக்கும் இடையே எங்கே இடம் மிகக் குறைவோ அங்கே அளக்க வேண்டும். 37 இலிருந்து 42 க்கு மாறினால் பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் குறையும். ஆணியின் உயரமும் இதனுடன் சேரும். டயர் உரசாமல் சுழன்றால் போதாது. மட்கார்டுக்குள் ஈரப்பனி அப்பி இறுகினால் சக்கரம் நின்றுவிடும். இடம் போதாத வண்டிக்கு மட்கார்டைக் கழற்றுவதோ, குறுகிய ஆணி டயரை வாங்குவதோ நல்லது.

பொருத்துதல்

இரு சக்கரங்களுக்கும் ஆணி டயர் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியுமெனில் அது முன்சக்கரத்திற்கே. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றவும் நேரம் இராது. பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும். புதிய டயரில் ஆணிகள் உறுதியாகப் பதிய, முதல் 40 கி.மீ. தூரத்தை வெறும் தார்ச்சாலையில், திடீர் பிரேக் போடாமல் ஓட்ட வேண்டும்.