உங்களுக்குத் தெரியுமா? தலைப்புப் பட்டையை வரைவது யார்?

கணினியில் ஒரு விண்டோவின் உச்சியில் இருக்கும் தலைப்புப் பட்டையை விண்டோஸில் வழக்கமாக வரைவது செயலி அல்ல, இயங்குதளம்தான். 2008-இல் வந்த கூகுள் குரோம் அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொண்டு, டேப்களை அங்கே ஏற்றியது. இணையப் பக்கத்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தது.

கூடவே ஒரு பொறுப்பும் வந்தது. மவுஸ் நகரும்போதெல்லாம் விண்டோஸ் செயலியிடம், “இந்தப் புள்ளி எந்தப் பகுதி?” என்று கேட்கும். “தலைப்புப் பட்டை” என்று பதில் வந்தால், அங்கே பிடித்து விண்டோவை இழுக்கலாம். இரட்டைக் கிளிக்கில் பெரிதாக்கலாம்.

பட்டையில் உள்ள மூடும் பொத்தானும் இடம் மாறியதுண்டு. 2010-இல் உபுண்டு இயங்குதளத்தின் 10.04 பதிப்பு அதை இடப்பக்கம் மாற்றியது. 2017-இல் வந்த 17.10 பதிப்பில் அது வலப்பக்கத்துக்கே திரும்பியது.

பட்டையை எப்படி அலங்கரித்தாலும், பிடித்து இழுக்கக் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவைப்பதே நல்ல வடிவமைப்பு.