சாமை போய்க் குச்சிக்கிழங்கு வந்தது: கொல்லிமலை மாணவர்களுக்கு ஒரு வரலாற்றுத் திட்டம்

வரலாற்றில் ஒரு திருப்புமுனையை எடுத்துத் திட்டம் செய்யுங்கள் என்று ஆசிரியர் சொன்னால், கொல்லிமலையில் முதலில் வரும் பெயர், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழா நடக்கிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி சங்கப் பாடல்களில் உண்டு. திருப்புமுனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓரிக்குப் பிறகு மலையில் உழுதவன் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டால், காட்டுவதற்குக் கையில் ஒன்றும் கிடைக்காது. முன்பு எப்படி, பின்பு எப்படி, நடுவில் எது மாற்றியது என்ற மூன்றுக்கும் சான்று கிடைக்கும் தலைப்பே மாணவருக்கு ஏற்றது.

அப்படி ஒன்று உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் இன்று மரவள்ளி நிற்கிறது. ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு. அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் வேர் வெகுதூரம் போகும். தென் அமெரிக்கச் செடியான மரவள்ளியைப் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. அந்தக் காலத்தில்தான் சேலம் பக்கம் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிடித்தது. 1981-இல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும்; கொல்லிமலையில் நிலம் இருந்தது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலையில் லாரி ஏறியதும் கணக்கு மாறிவிட்டது.

இத்துடன் காரணம் தீர்ந்துவிட்டது என்று எழுதி முடிக்காதீர்கள். சாமையின் உமி கெட்டியானது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் அரிசி வரும். குத்தியவர்கள் பெண்கள். சந்தை விலையைக் காரணமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாட்டியிடம் கேட்டால் முதலில் தோள்வலிப் பேச்சுதான் வரும் என்று நினைக்கிறேன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தைக் காக்க இந்த மலையில் வேலை செய்தபோது, விதையோடு அரைவை இயந்திரத்தையும் கொண்டுவந்தது இதனால்தான்.

காலவரிசை ஒன்றைத் தனித்தாளில் எழுதுங்கள். பொய்யான காரணங்கள் அதில் தானாக உதிரும். ஒரு ரூபாய் ரேஷன் அரிசியாலும் விலையில்லா அரிசியாலும்தான் சாமை போனது என்பார்கள். கிலோ ஒரு ரூபாய் அரிசி வந்தது 2008-இல், விலையில்லா அரிசி 2011-இல். சாமை அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. அந்த அரிசி சரிவை விரைவாக்கியிருக்கலாம், தொடக்கி வைத்திருக்க முடியாது.

சான்றுக்கு எங்கே போவது? கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கும். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று பசலி ஆண்டுவாரியாகப் பதிந்த கணக்கு அது. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. பழைய பதிவேடு எல்லா இடத்திலும் கிடைக்காது. தலைமையாசிரியர் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். ஒரே ஊரில் பத்துப் புல எண்கள், பத்தாண்டு இடைவெளியில் மூன்று பசலிகள் கிடைத்தால் போதும். மலை முழுவதையும் அளக்க ஆசைப்படாதீர்கள், திட்டம் முடியாது. இன்னும் பின்னால் போக, எஃப்.ஜே.ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர் (1918) இருக்கிறது. நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமானது. எனவே பழைய ஆவணங்களைச் சேலத்தின் பெயரில் தேடுங்கள்.

பேட்டியில் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரியவர்கள் திணறுவார்கள். "எம்.ஜி.ஆர். செத்தப்போ நம்ம காட்டுல என்ன பயிர் இருந்துச்சு, தாத்தா?" என்று கேளுங்கள். 1987 டிசம்பர் என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அடங்கலும் தாத்தாவும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். கிழங்குக்கு ஊடே விதைத்த சாமை கணக்கில் ஏறாமல் போயிருக்கலாம்.

தலைப்புக் கேள்வியை ஒரே வரியில் வையுங்கள்: "எங்கள் ஊரில் சாமையைக் குச்சிக்கிழங்கு எப்போது முந்தியது, ஏன்?" அறிக்கை முடிந்ததும் ஒரு நகலைப் பேட்டி கொடுத்தவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள், ஒன்றைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு மிளகையோ காப்பியையோ எடுக்கும் மாணவருக்கு அது உதவும்.